சூடில்லாமல் எக்ஸ்ரே: கரிமுனை காட்டும் விந்தை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் கூலி வேலை பார்க்கும் நம்மவர்களிடம் "நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து வா" என்று டாக்டர் சொன்னால், ஒரு நாள் சம்பளம் போயிற்று என்றே பொருள். பஸ் ஏறி, சீட்டு எடுத்து, வரிசையில் நின்று முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நோயாளியைத் தேடி எக்ஸ்ரே வந்தால் எப்படி இருக்கும்? அதற்குக் கைகொடுக்க வந்திருப்பது, அடுப்புக்கரியின் உறவான ஒரு பொருள் என்றால் வியப்பாக இல்லையா?

எக்ஸ்ரே குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் பாய்ந்து உலோகத்தில் மோதும்போது கதிர் பிறக்கிறது. அவற்றை வெளியேற்ற டங்ஸ்டன் இழையை 2,000 டிகிரி வரை காய்ச்சுகிறார்கள். பழைய டி.வி. படக்குழாயின் கழுத்தில் கனன்று தெரிந்ததும் இத்தகைய சூடுதான். இதனால் மின்சாரம் செலவாகும்; இழையும் நாளடைவில் தேயும்.

கூர்முனையின் பலம்

காய்ச்சாமலே, பலத்த மின்விசையால் எலெக்ட்ரானை இழுத்துவிடலாம் என்பதை 1928-ல் பவுலர், நார்தைம் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்கிட்டு விளக்கினார்கள். முனை கூராக இருந்தால் மின்விசை அங்கே குவியும். ஆனால் அத்தனை கூரான முனைக்கு எங்கே போவது?

1991-ல் ஜப்பானில் இஜிமா என்பவர் கார்பன் நானோ குழாய்களை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே கொண்ட கரிக்குழாய்கள் இவை. மறு ஆண்டே இவற்றைக் கிராம் கணக்கில் தயாரிக்கும் வழியைக் கண்ட இருவரில் ஒருவர், கொடுங்ஙல்லூரில் பிறந்து திருவனந்தபுரத்தில் பள்ளியில் படித்த புளிக்கல் அஜயன்! 1995-ல் இக்குழாய்கள் சூடின்றி எலெக்ட்ரான்களை உமிழ்வது நிரூபணமாயிற்று.

முதலில் டி.வி. திரைக்கு முயன்றார்கள், எல்.சி.டி. முந்திக்கொண்டது. இப்போது ஆஸ்திரேலியாவின் மைக்ரோ-எக்ஸ் நிறுவனம் கரிமுனைக் குழாய் பொருத்திய, தள்ளிச் செல்லும் எக்ஸ்ரே கருவியைத் தயாரித்துள்ளது. குழாய் சிறியது, போட்டதும் எரியும், நிறுத்தியதும் அணையும்.

குறைகளும் உண்டு. குழாய்க்குள் எஞ்சிய வாயு தாக்கி முனைகள் கெடுகின்றன. எல்லா முனைகளும் ஒரே சீராக உமிழ்வதில்லை. சூடில்லை என்பதால் கதிரின் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இக்கருவி நம் ஊருக்கு வரும்போது வரட்டும். இரண்டு வாரம் விடாத இருமல் உள்ளவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஒரு நாள் கூலிக்குப் பார்த்தால், பிறகு பல மாதக் கூலி போகும்.