மாமியார் தைத்த நாலு அறைப் பை!

மாமனார் காலமானதும், மாமியார் மூலையில் முடங்கி விட்டார். நானும், 'நீங்க சும்மா உட்காருங்க அத்தை' என்று எந்த வேலையும் தரவில்லை.

2019 ஜனவரியில், தமிழகத்தில் பிளாஸ்டிக் பைக்கு தடை வந்தது. மார்க்கெட்டுக்கு பை எடுக்காமல் போய், தக்காளியை முந்தானையில் முடிந்து வந்தேன். பாதி நசுங்கி விட்டது.

மறுநாள், மாமனாரின் பழைய வேட்டியில், உள்ளே நாலு அறை வைத்து, கையாலேயே பை தைத்திருந்தார் மாமியார்.

'அடியில கிழங்கு, அறையில தக்காளி. இனி நசுங்காது பாரு' என்றார். எத்தனையோ மாதம் கழித்து, அவராகப் பேசிய பேச்சு!

பார்த்த அக்கம்பக்கத்தினர், 'எங்களுக்கும் தைச்சுக் கொடுங்கம்மா' என, பழைய புடவையோடு வந்து விட்டனர். பரணில் கிடந்த தையல் மிஷின் கீழே இறங்கியது.

தோழியரே... பெரியவர்களை சும்மா உட்கார வைக்காதீர்கள், யோசனை கேளுங்கள்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.