வாழை மரத்தை ஊறுகாய்த் தீவனமாக்கும் முறை

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள படவேட்டில் வாழைச் சாகுபடி சிறப்புற்று விளங்குவது திருவண்ணாமலை ஜில்லாவில் யாவரும் அறிந்த விஷயமாகும். ஆயினும், தார் வெட்டியபின் எஞ்சும் மரத்தைப் பற்றி எவரும் அதிகமாய்ச் சிந்திப்பதில்லை. அது வரப்போரத்தில் கிடந்து அழுகுகின்றது. அவ்வாறு அழுகும் மரத்தில் தண்டு வண்டு பெருகி அடுத்த தோட்டத்தையும் தாக்குகின்றது. அதே சமயத்தில், கோடையில் வைக்கோல் விலை ஏறிவிட, கறவை மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடும் குடியானவர்களும் உளர்.

ஏக்கருக்கு 1,000 மரமென்றும், மரத்துக்கு 15 கிலோ என்றும் வைத்துக்கொண்டால் 15 டன் கிடைக்கும். இத்தொகையைக் கண்டு மயங்கலாகாது. வாழை மரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஜலமே; உலர்ந்த சத்து ஏழு பங்கு அளவேயாம். ஆகையால் 15 டன்னில் மாட்டுக்குப் பயன்படுவது சுமார் ஒரு டன் மாத்திரமே. பஞ்ச காலத்தில் பச்சை மரத்தையே வெட்டிப் போட்டு வந்த மாடுகள், வயிறு நிறைந்தும் உடல் மெலிவதற்குக் காரணம் இதுவே. தனியாகக் குழியிலிட்டாலும் ஜலமிகுதியால் புளிப்பதற்குப் பதில் நாற்றமெடுத்துக் கெடும்.

இக்குறை வாழைக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின், இத்தாலி முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒலிவக் காயினின்று எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் ஈரச் சக்கை விரைவில் சிக்கெடுத்துப் போகும். அதனை உலர்ந்த பொருள்களுடன் கலந்து, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்து ஆடுமாடுகளுக்கு அளிக்கும் முறை அங்கே ஆராயப்பட்டுள்ளது. நமக்கும் அதே உபாயம் பொருந்தும்.

காற்று இல்லாதவிடத்தில், பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவை சர்க்கரைச் சத்தை உண்டு புளிப்பை உண்டாக்குகின்றன. அப்புளிப்பே தீவனத்தைக் கெடாமல் காப்பது. வாழை மரத்தில் சர்க்கரை குறைவாதலின் வெல்லமோ, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகோ சேர்ப்பது அவசியம்.

தார் வெட்டிய ஓரிரு நாட்களுக்குள் மரத்தை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒரு நாள் வெயிலில் வாடவிடவேண்டும். வண்டு துளைத்து அழுகிய மரத்தை விலக்குக. தண்டு வண்டுக்காகப் பூச்சி மருந்தை ஊசி மூலம் செலுத்திய மரத்தையோ எக்காரணங்கொண்டும் தீவனமாக்கலாகாது; மாட்டின் உயிருக்கே ஆபத்து நேரும். கூலியாட்களிடம் தோட்டத்தை ஒப்படைத்திருப்போர் இதை நேரில் விசாரித்து அறிதல் நலம்.

வாடிய துண்டு மூன்று பங்குக்கு உலர்ந்த தீவனம் ஒரு பங்கு கலக்கவேண்டும். முழுவதும் வைக்கோலாக இருப்பதைவிடப் பாதி மணிலாக் கொடியாக இருப்பது மேல். வைக்கோலிலும் வாழையிலும் குறைந்துள்ள புரதம் அக்கொடியில் உண்டு. கலவை 100 கிலோவுக்குக் கழிவுப்பாகு 3 அல்லது 4 கிலோவும், உப்பு அரைக் கிலோவும் சொற்ப ஜலத்தில் கரைத்துத் தெளிக்கவும்.

இரண்டு மாடு உடையவர் குழி வெட்டுவது வீண். திறந்த குழியில் தினந்தோறும் அரையடி கனமாவது எடுக்காவிடில் காற்றுப்பட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். அவர்கள் 40 கிலோ கொள்ளும் கனத்த பிளாஸ்டிக் பைகளில் அழுத்தி நிரப்பி, வாயை இறுகக் கட்டி, எலி அணுகாத இடத்தில் வைப்பது போதும். பத்து மாடுகளுக்கு 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள குழி ஏற்றது. அதில் சுமார் ஒன்றரை டன் கொள்ளும். அயலார் சிலர் கூடி ஒரு குழி போட முன்வந்தால், மலையிலிருந்து வரும் மழை நீர் தங்காத மேட்டு நிலத்தைக் கிராம அதிகாரிகள் காட்டிக்கொடுக்கலாம். அடியில் வைக்கோல் பரப்பி, அரையடிக்கொரு தரம் நன்றாய் மிதித்து, பிளாஸ்டிக் தாளால் மூடி மண்ணிடுக. மிதிப்பதில் சோம்பல் கூடாது. கெட்டுப்போகும் குழிகளில் பெரும்பாலானவை சரியாய் மிதிக்கப்படாதவையே.

45 நாட்களுக்குப்பின் திறக்கலாம். மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும் இனிய புளிப்பு மணமும் இருப்பின் நல்லது. பூஞ்சணம் பிடித்த பகுதியை எருக்குழியில் தள்ளிவிடுக. முதல் நாள் இரண்டு கிலோ கொடுத்து, ஒரு வாரத்திற்குள் வளர்ந்த பசுவுக்கு 10 கிலோ வரை உயர்த்தலாம். அதற்குமேல் வேண்டாம், மற்றத் தீவனமும் பிண்ணாக்கும் வழக்கம்போல் இருக்கவேண்டும். பாலில் வாடை ஏறாதிருக்கக் கறந்தபின் போடுவது உத்தமம். இளங்கன்றுகளுக்கு இதனைக் கொடுக்கவேண்டுவதில்லை.