புதைந்த நினைவு அப்படியே மீளுமா?

ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ (1945) படத்தில், நாயகன் மறந்துவிட்ட சிறுவயது விபத்து ஒரே கணத்தில் முழுதாக நினைவுக்கு வருகிறது. அருமையான படந்தான். ஆனால் மூளை பூட்டிவைத்த பெட்டியன்று. நினைக்கும்போதெல்லாம் நினைவு புதிதாகக் கட்டப்படுகிறது. கேட்கும் கேள்வியும் அதில் கலந்துவிடும்.

எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டி, ‘மோதியபோது என்ன வேகம்?’ என்று 50 பேரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். (ஒரு சொல்தான் கூடுதல், கவனியுங்கள்!) ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதற் குழுவில் 7 பேரும், மற்றதில் 16 பேரும் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

சினிமாதானே என்று விட முடியாது. மகளுக்கு இருபது ஆண்டுகளுக்குப்பின் ‘மீண்ட’ நினைவை நம்பி, 1990-இல் கலிபோர்னியாவில் ஒரு தந்தை கொலைக் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. 1995-இல் அது ரத்தானது.