பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளை

சீருடையைக் கண்டதும் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லை. நெருளில் நம் வீடுகள் பலவற்றிலும் காணும் காட்சிதான். இதை நடிப்பு என்று எண்ணாதீர்கள். பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும்.

சிக்னல் சிவப்பாகவே நின்றால் ரயில்வேயில் அதைத் திட்டமாட்டோம். கோளாறு எங்கே என்று தேடுவோம். ஆனால் 1994இல் கல்யாணுக்கு மாற்றலாகி வந்தபோது என் மகனை அடித்தே இழுத்துப் போனேன். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று மராத்தியில் கேட்க அவனுக்குத் தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் 1945இல் போர்டியில் பணி தொடங்கி, பின்னர் டஹாணு அருகே கோஸ்பாடில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகள் வரவில்லை என்றதும் மேய்ச்சல் வெளிக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். தடை எது என்று பார்த்தார்களே தவிர, பிள்ளையைக் குறை சொல்லவில்லை.

நாமும் பொறுமையாகக் கேட்போம்: கேலியா, அடியா, மொழியா? அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. வகுப்பாசிரியரிடம் தயங்காமல் பேசுங்கள். வீட்டிலேயே நிறுத்தி வைத்தால் பயம் வளரும். வலி தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்ணீர் வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும், உடம்பு சரியில்லை: இந்த மூன்றையும் இந்தியிலும் மராத்தியிலும் முதலில் சொல்லிக்கொடுங்கள். எண்ணும் எழுத்தும் பிறகு வரட்டும்.