கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டர்: ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள்

ஆடி பிறந்துவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி விவசாயிக்கு உழவுக் கவலை தொடங்கிவிடும். பருவமழை இறங்குவதற்குள் நிலத்தைப் புழுதியாக உழுது நெல்லை விதைத்துவிட வேண்டும். திருப்புல்லாணி முதல் திருவாடானை வரை எல்லோரும் ஒரே சமயத்தில் டிராக்டர் தேடுகிறார்கள். வாடகை வண்டிக்குச் சொல்லி வைத்துக் காத்திருந்து, பக்கத்து வயலில் பயிர் முளைத்த பிறகு விதைத்தவர்கள் பலர். இந்த நெருக்கடியில்தான், அப்பா காலத்தில் வாங்கிக் கொட்டகையில் நிறுத்திய பழைய டிராக்டரின் நினைவு வருகிறது.

இந்தப் பக்கத்தில் பழைய வண்டி என்றால் பெரும்பாலும் மாஸி பெர்குசன்தான். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் தயாரிப்பு. 35 குதிரைத்திறனுள்ள 1035 வண்டியைக் கிராமத்து மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்து மாட்டுவார். உதிரிப் பாகமும் கிடைக்கும். ஆகவே வண்டியை ஓட வைப்பது நடக்காத காரியமல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

சென்ற ஆண்டு சித்திரையில் உச்சிப்புளிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஆறு ஏக்கர் மானாவாரி நெல்லும், கிணற்றடியில் கொஞ்சம் முண்டு மிளகாயும் அவருக்கு. அவருடைய தகப்பனார் 1994-ல் பரமக்குடிப் பக்கம் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கிய டிராக்டர். தகப்பனார் 2016-ல் காலமானார். வண்டி 2018-லிருந்து பனையோலைக் கொட்டகையில் நிற்கிறது. "ஐயா, எஞ்சின் இறுகிப்போச்சு. மெக்கானிக் பாதி எஞ்சினைப் பிரிச்சிட்டாரு. லைனர், பிஸ்டன் எல்லாம் வாங்கியாச்சு. மேற்கொண்டு செலவு பண்ணலாமா?" என்று கேட்டார்.

நான் எஞ்சினைப் பற்றியே அரை மணி நேரம் பேசினேன். கிளம்பும்போதுதான் ஆர்.சி. புத்தகம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இத்தனை வருட விரிவாக்கப் பணிக்குப் பிறகும் எனக்கே அது கடைசியில்தான் தோன்றியது. புத்தகம் பரமக்குடிக்காரர் பேரிலேயே இருந்தது. அவரும் உயிரோடில்லை. போதாததற்கு, நிலவள வங்கியின் கடன் பதிவும் அதில் அடிக்கப்படாமல் இருந்தது. தகப்பனார் கையில் இருந்ததெல்லாம் முத்திரைத்தாளில் எழுதிய ஒரு விற்பனைச் சீட்டு.

அமெரிக்காவில் 1960-களில் வந்த பெரிய எஞ்சின் கார்களைப் பணக்காரர்கள் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். வாங்கும் முன் அவர்கள் பார்ப்பது பெயிண்டை அல்ல. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி பொருந்துகிறதா, உரிமைச் சான்று சரியாக இருக்கிறதா என்பதைத்தான். பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. அவர்களுக்கு அது ஆசைக்கு வாங்கும் பொருள். நமக்கோ உழவுக் கருவி. எண்ணைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணும் பேரும்

டிராக்டருக்குக் கார், லாரி போலத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சுக் கூடு ஆகிய வார்ப்புகளைப் போல்ட் போட்டு இணைத்ததே அதன் உடல். சேசிஸ் எண் ஒரு சிறு தகட்டிலோ வார்ப்பின் மேலோ இருக்கும். துருவைச் சுரண்டுகிறேன் என்று மெக்கானிக் கிரைண்டரை வைத்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும். தகடு கழன்று விழுந்தால் பழைய இரும்போடு போய்விடும். ஆகவே முதல் வேலை, அந்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மேலே வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்வது. மோட்டார் வாகன ஆய்வாளரும் இப்படித்தான் எடுப்பார். எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள்.

"பழைய எஞ்சினைச் செப்பனிடுவதைவிட, உடைப்புக் கடையில் வேறு எஞ்சின் மலிவாகக் கிடைக்கும்" என்று மெக்கானிக் சொல்லக்கூடும். விலையில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எஞ்சின் மாறினால் எண் மாறும். மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றிய பின் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். எஞ்சினுக்கு ரசீது இல்லையென்றால் அதை வாங்கவே வேண்டாம். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பெயர் மாற்றத்துக்கு வருவோம். உயிரோடிருப்பவர் விற்றால் படிவம் 29, படிவம் 30. ஆர்.சி.யில் பெயருள்ளவர் கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுகள் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். அந்த மூன்று மாதமும் இறந்தவர் பேரிலேயே வண்டியை ஓட்டலாம். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இவை வேண்டும். ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீசில் புகார் கொடுத்து, அந்தச் சான்றோடு படிவம் 26-ல் நகல் கேட்க வேண்டும். 2021 முதல் ஆர்.சி.யிலேயே வாரிசுதாரரை நியமித்துப் பதிந்து வைக்கவும் வழி வந்திருக்கிறது. வயதான பெரியவர் பேரில் வண்டி உள்ள குடும்பங்கள் இதை உடனே செய்து வைப்பது நலம்.

உச்சிப்புளி விவசாயிக்கு இதில் இரட்டைச் சிக்கல். அவருடைய தகப்பனார் பெயர் ஆர்.சி.யில் ஏறவே இல்லை. ஆகவே தகப்பனாரின் வாரிசு என்ற முறையில் படிவம் 31 போட முடியாது. பரமக்குடிக்காரரின் வாரிசுகள் முதலில் தங்கள் பேருக்கு மாற்றி, பிறகு இவருக்கு விற்றதாகக் கையெழுத்திட வேண்டும். முப்பது வருடம் கழித்து யார் கையெழுத்திடுவார்கள் என்று அவர் தயங்கினார். நேரில் போய்க் கேளுங்கள் என்றேன்.

வீட்டில் இருந்தது பரமக்குடிக்காரரின் மனைவி, எண்பது வயதுப் பாட்டி. விவரத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை, பயந்துவிட்டார். "ஏப்பா, எங்க வீட்டுக்காரர் வித்து முப்பது வருசமாச்சு. இன்னுமா அவர் பேரு அதுல கிடக்கு?" என்று கேட்டாராம்.

அந்தப் பயம் நியாயமானது. மூன்று நான்கு கை மாறிய ஒரு காரால் 2009-ல் ஒரு சிறுவன் இறந்தான். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் சட்டப்படி உரிமையாளர். அவர் வண்டியை விற்று எத்தனை நாள் ஆகியிருந்தாலும் பெயர் மாற்றாதவரை இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு அவருடையதே என்பது தீர்ப்பு. காருக்கு இன்சூரன்சும் இல்லை. ஆகவே பெயர் மாற்றம் வாங்கியவருக்கு மட்டும் வேண்டிய காரியமல்ல. விற்றவர் தூங்க வேண்டுமென்றாலும் அது அவசியம். உங்கள் பழைய டிராக்டரை யாருக்காவது வெறும் சீட்டு எழுதி விற்றிருந்தால், இந்த வாரமே போய் விசாரியுங்கள்.

பாட்டியும் பிள்ளைகளும் கையெழுத்திட்டார்கள். ஒரு மகன் சிங்கப்பூரில் இருந்ததால், அவர் விடுமுறையில் வரும்வரை இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வங்கிக் கடன்

முன்பெல்லாம் டிராக்டர் கடன் பெரும்பாலும் நில அடமானத்தின் பேரில்தான் கிடைத்தது. அன்றைய நிலவள வங்கிகளே இன்று கூட்டுறவு வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கிகள் என்ற பெயரில் இயங்குகின்றன. கடன் அடைந்திருக்கும், தள்ளுபடியும் ஆகியிருக்கும். ஆனால் பாக்கி இல்லை என்ற சான்றையும் படிவம் 35-ஐயும் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து எச்.பி. பதிவை ரத்து செய்தவர்கள் குறைவு. அதைவிட முக்கியம், டிராக்டருக்காக அடமானம் வைத்த நிலம். அடமான ரத்துப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். டிராக்டரைத் தேடப்போய் நிலத்தின் வில்லங்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன் பதிவான வண்டிக்கு மூன்றெழுத்துடன் கூடிய பழைய எண் இருக்கும். அதன் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது, கணினியில் ஏறியிருக்கிறதா என்பதை முதலிலேயே எழுத்து மூலம் கேளுங்கள். டிராக்டர் போக்குவரத்து அல்லாத வண்டி என்பதால் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு படிவம் 25 கொடுத்து, ஆய்வுக்கு வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியின் வயதுக்கேற்பக் கட்டணம் கூடுவதால் அன்றைய கட்டணத்தை அலுவலகத்தில் கேட்டு அறியவும். 50 ஆண்டு கடந்த பழம் வண்டிகளுக்கு 2021-ல் தனிப் பதிவு முறை வந்தது. அது கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் வைத்திருப்பவர்களுக்கானது, உழவுக்கு உதவாது. அந்த வழியில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடற்காற்றும் துருவும்

இனி ஸ்பேனரை எடுக்கலாம். நம் கடற்கரையில் துருவின் வலிமையை அறியப் பாம்பன் பாலத்தைப் பார்த்தால் போதும். 1914-ல் திறந்த ரயில் பாலத்தை எத்தனையோ முறை வர்ணம் பூசியும் பாகங்களை மாற்றியும் காப்பாற்றினார்கள். கடைசியில் அரிப்பினால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த நேர்ந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிவகைப் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிகிறது. இரவில் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் டிராக்டர் இரவெல்லாம் நனைந்தபடிதான் நிற்கிறது. துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் உள்ளே உப்பு இருக்கும். ஆறே மாதத்தில் கொப்பளம் கிளம்பும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகு கம்பிப் பிரஷால் தேய்த்து, மறுபடி கழுவி, வெயிலில் காய வைத்து, அன்று மாலைக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் மறுபடி உப்புப் படியும். கழுவுவதற்குக் கிணற்று உப்புத் தண்ணீர் உதவாது.

ரேடியேட்டருக்கும் இதே விதிதான். உப்புத் தண்ணீர் ஊற்றிய வண்டிகளின் தண்ணீர்ப் பாதை உள்ளே படிவு கட்டி அடைத்துவிடுகிறது. எஞ்சின் சூடேறி ஹெட் வெடிக்கிறது. சேமித்த மழைநீரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். எடைக்காகப் பின் டயரில் தண்ணீர் ஏற்றும் வழக்கமும் உண்டு. உப்புத் தண்ணீரை ஏற்றினால், கசியும் இடத்தில் ரிம் உள்ளிருந்தே அரித்துப்போகும்.

இறுகிய எஞ்சினை இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்துக் கிளப்ப முயலாதீர்கள். கனெக்டிங் ராடு வளையும், அல்லது பிஸ்டன் உடையும். நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி மூன்று நான்கு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லியைக் கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அசையாவிட்டால்தான் பிரிக்க வேண்டும். உச்சிப்புளி வண்டியில் இதைச் செய்து பார்க்காமலே பிரித்துவிட்டார்கள். வாங்கிய லைனர்களில் ஒன்று தேவைப்படவே இல்லை.

பழைய டீசல் முழுவதையும் வடித்து, டேங்கைக் கழுவி, பில்டர்களை மாற்றி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹைட்ராலிக் எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள், மாற்றிவிடுங்கள். மற்றவற்றை மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

செலவை எழுதிக் கூட்டிப் பார்த்து, வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்கு எடுத்தால் எத்தனை வருட உழவுக்கு அந்தப் பணம் போதும் என்று ஒப்பிடுவதும் நல்லது. இரண்டு ஏக்கர்க்காரருக்குப் பெரும்பாலும் வாடகையே இலாபம். வண்டியை உடைப்புக்குக் கொடுப்பதென்றால், ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்த பிறகே கொடுங்கள்.

ஆர்.சி. கையில் வந்த அன்றே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தனி இன்சூரன்சும் உண்டு என்பதைப் பலர் அறியார். மிளகாய்ப் பழம் எடுக்கும் பெண்களை டிரெய்லரில் ஏற்றிப் போவது நம் பக்கத்தில் சாதாரணம். அது கூடவே கூடாது. டிரெய்லர் சரக்குக்கானது, கவிழ்ந்தால் உயிரும் போகும், இழப்பீட்டுக்கு உங்கள் நிலமும் போகும்.

உச்சிப்புளி விவசாயிக்குப் புதிய ஆர்.சி. ஆவணி கடைசியில் கிடைத்தது. புரட்டாசி முதல் வாரத்தில் தம் ஆறு ஏக்கரையும் பக்கத்து நிலம் நான்கு ஏக்கரையும் உழுதார். டிரெய்லர் மட்டும் இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. அதன் ஆர்.சி. யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ, தேடிக்கொண்டிருக்கிறார்.