பனியன் குடோனும் ஆங்கிள் ரேக்கும்

திருப்பூர் வெள்ளை பனியன் மட்டும் தைத்த காலத்தில் சரக்கை அடுக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. ஒரே நிறம், நாலைந்து அளவு. ஓட்டுக் கட்டடத்தின் ஒரு மூலையில் நூல் மூட்டை, இன்னொரு மூலையில் தைத்த பீஸ். தரை ஈரம் ஏறாமலிருக்க இரண்டு வரிசை செங்கல் வைத்து மேலே பலகை போட்டால் அதுதான் குடோன். உயரம் வேண்டுமென்றால் சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே மூங்கில் வைத்துக் கயிற்றால் இறுக்கிப் பரண் கட்டுவார்கள். மெஷின் வந்த மரப்பெட்டியைப் பிரித்தால் பலகை சும்மா கிடைக்கும். வசதி உள்ளவர்கள் சுவரில் கடப்பாக் கல் பதித்தார்கள்.

அந்த மரத்தட்டுகளை நினைத்து ஏங்க எனக்கு மனம் வரவில்லை. கரையான் ஏறும். பெட்டிப் பலகையில் ஆணி முனை நீட்டிக்கொண்டிருக்கும், சிம்பு கிளம்பியிருக்கும். தறித்துணி அதில் மாட்டினால் சின்னக் கிழிசலோடு தப்பிக்கும். பின்னல் துணியில் ஓர் இழை அறுந்தால் கண்ணி ஒவ்வொன்றாகக் கழன்று ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து தைத்த பீஸ் ஒரு துரு ஆணியால் வீணாவது சின்ன விஷயமில்லை.

1970களின் கடைசியில் தொடங்கிய ஏற்றுமதி 1980களில் வேகம் பிடித்தது. ஒரு ஸ்டைலுக்கு ஐந்து நிறம், ஐந்து அளவு என்றாலே 25 வகை ஆகிவிடும். போதாததற்கு, ஒரே நிறம் சாயப்பட்டறையில் லாட்டுக்கு லாட் ஷேடு மாறும். ஒரு லாட்டில் வெட்டிய கையை இன்னொரு லாட்டின் உடம்போடு தைத்துவிட்டால் செக்கிங்கில் தள்ளிவிடுவார்கள். வெட்டி, டிக்கெட் கட்டி வரும் ஒவ்வொரு பண்டிலுக்கும் தனி இடம் வேண்டியதாயிற்று. குவியல் போய் ரேக் வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

வந்தது துளை போட்ட இரும்பு ஆங்கிள். லண்டனில் அச்சகம் நடத்திய டெமெட்ரியஸ் கொமினோ என்ற பொறியாளர், தேவை மாறும்போதெல்லாம் மர அலமாரிகள் வீணாவதைப் பார்த்து யோசித்த பொருள் அது. 1947இல் டெக்ஸியன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நாலு கால், சில தகடு, நட்டு, போல்ட், மூலைக்குக் கார்னர் பிளேட், கையில் ஒரு ஸ்பேனர் போதும். வெல்டிங் வேண்டாம். ஆர்டர் மாறினால் தட்டை ஏற்றி இறக்கலாம். வாடகைக் கட்டடத்தைக் காலி செய்தால் கழற்றி டெம்போவில் ஏற்றிவிடலாம். ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்காரருக்கு இந்த ஒரு வசதியே பெரிய வரம். கைவசம் காசு குறைவென்றால் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கி, துருவைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து நிறுத்துகிறார். பெயிண்டை விட்டால் வெள்ளைத் துணியில் துருக்கறை ஏறும். அது எளிதில் போகாது.

ஆனால் எங்கே மிச்சம் பிடிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காலைக் குறைத்துத் தட்டை நீட்டுவார்கள். அதே எடையை, இரண்டு மடங்கு நீளமுள்ள தட்டு தாங்க வேண்டியிருந்தால் நடுவில் ஏற்படும் தொய்வு எட்டு மடங்காகும். மரமானாலும் தகடானாலும் இதே கணக்குத்தான். நடுவில் இன்னொரு கால் கொடுப்பது கனமான தகடு வாங்குவதைவிட மலிவு. ரேக் ஆடினால் போல்ட்டை முறுக்கிப் பயனில்லை. பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு பட்டை போட்டால் நின்றுவிடும். நூல் மூட்டை கீழே, பேக்கிங் அட்டை மேலே. ரேக் சாயாமலிருக்கச் சுவரோடு பிணைக்க வேண்டும்; துளை போட வீட்டுக்காரர் விடவில்லையென்றால், இரண்டு ரேக்கை முதுகோடு முதுகாக வைத்துப் பிணைத்துவிடலாம்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ரேக்குகளுக்கு நடுவே விடும் வழி. அன்று துணி போக மிஞ்சிய இடத்தில் ஆட்கள் நடந்தார்கள். மாடிப்படியிலும் மூட்டை இருக்கும். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, தீப்பிடித்தால் தப்பிக்க வழி இருக்க வேண்டுமென்றது. சட்டம் பழையது; நடைவழியைக் குறிக்கும் மஞ்சள் கோடு பரவலாக வந்தது வெளிநாட்டு பையர்களின் ஆடிட் வந்த பிறகுதான். 2012 நவம்பரில் வங்கதேசத்து தஸ்ரீன் ஆலையில் தரைத்தளத்தில், துணியும் நூலும் அடுக்கியிருந்த இடத்தில் பற்றிய தீ மேல்மாடிகளில் இருந்தவர்களின் வழியை அடைத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜூனில் நம் காதர்பேட்டை பனியன் பஜாரிலும் கடைகள் வரிசையாக எரிந்தன.

பெரிய ஏற்றுமதி கம்பெனிகளில் இன்று ரேக் சுவரை விட்டுத் தள்ளி நிற்கிறது, கோட்டைத் தாண்டிப் பெட்டி வைத்தால் கேள்வி வருகிறது. ஆடிட் எட்டாத சந்துகளில் பத்து மெஷின் போட்டு நடத்தும் யூனிட்களுக்குக் கேட்க ஆளில்லை. சீசன் நேரத்தில் அங்கே நடைவழிதான் முதலில் காணாமல் போகும். இடம் போதவில்லை என்று அங்கிருந்து யாராவது யோசனை கேட்டால், புது ரேக் எங்கே போடலாம் என்பதை அப்புறம் பார்ப்போம், வாசலை மறைத்து நிற்கும் பழைய ரேக்கை முதலில் கழற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.