விரல் ரேகை மேடுகள்

விரல் ரேகை மேடுகள் என்பவை விரல்கள், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் தோல் வரிவரியாக உயர்ந்து காணப்படும் பகுதிகள் ஆகும். அடுத்தடுத்த இரு மேடுகளுக்கு இடையே ஒரு பள்ளம் உண்டு. மேடுகளின் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். மேடுகளின் உச்சியில் வியர்வைத் துளைகள் வரிசையாக அமைந்துள்ளன. இப்பகுதித் தோலில் முடியோ எண்ணெய்ச் சுரப்பிகளோ இல்லை. குரங்கினங்களுக்கும் கோலாவுக்கும் இத்தகைய மேடுகள் உள்ளன.

தோற்றம்

மேடுகள் கருவின் ஏறத்தாழ 10ஆம் வாரத்துக்குப் பின் உருவாகத் தொடங்குகின்றன. விரல் நுனியின் நடுப்பகுதி, நகத்தை ஒட்டிய பகுதி, மூட்டு மடிப்பு ஆகிய இடங்களில் தொடங்கி அலைகள் போலப் பரவுகின்றன. அவை எங்கே, எப்போது சந்திக்கின்றன என்பதைப் பொறுத்து வில், கண்ணி, சுழி ஆகிய வடிவங்களில் ஒன்று அமைகிறது. வரிகளும் புள்ளிகளும் தாமாகவே உருவாவதற்கு ஆலன் டூரிங் 1952இல் முன்வைத்த கணித விளக்கம் இம்மேடுகளுக்கும் பொருந்துவதாக 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. வளர்ச்சியின்போது நேரும் சிறு வேறுபாடுகளால், ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையருக்கும் ரேகைகள் வேறுபடுகின்றன.

உராய்வும் தொடுவுணர்வும்

மேடுகள் பிடிமானத்தைக் கூட்டுகின்றன என்பது பரவலான கருத்து. ஆனால் தோல் ரப்பரைப் போன்றது. வழவழப்பான பரப்பில் தொடுபரப்பு கூடும்போதுதான் அதன் உராய்வும் கூடும். பள்ளங்களோ தொடுபரப்பைக் குறைக்கின்றன. கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டில் மனித விரலைத் தேய்த்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வு இதை உறுதி செய்தது.

ஈரத்தைச் சீராக்குவதில் மேடுகளுக்குப் பங்கு உண்டு. உலர்ந்த தோலை வியர்வை மென்மையாக்கி உராய்வைக் கூட்டுகிறது. விரலை அழுத்திப் பிடிக்கும்போது துளைகள் அடைபட்டு வியர்வை நிற்கிறது. மிகுதியான ஈரம் பள்ளங்களின் வழியே ஆவியாகிறது. மேலும், விரல் ஒரு பரப்பின் மீது நகரும்போது மேடுகள் அதிர்வை எழுப்புகின்றன. தோலுக்கு அடியிலுள்ள நரம்பு முனைகள் அவ்வதிர்வை உணர்வதால் துணியின் நெசவு போன்ற நுண்ணிய வேறுபாடுகள் கைக்குத் தெரிகின்றன.

அடையாளமாகப் பயன்படுதல்

1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவைப் பெற்றார். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அறியப்படும் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அங்கு பணியாற்றிய அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோருக்குப் பெரும் பங்கு உண்டு.

வரம்புகள்

மேடுகளின் வடிவம் மேல்தோலின் அடிப்பகுதியில் பதிந்துள்ளது. எனவே மேலே தேய்ந்தாலும் அதே ரேகை மீண்டும் வளர்கிறது. உட்தோல் வரை காயம்பட்டால் தழும்பு நிலைக்கும். சிமெண்ட், சுண்ணாம்பு, செங்கல் ஆகியவற்றை நாள்தோறும் கையாளும் தொழிலாளர்களுக்குத் தேய்மானம் வளர்ச்சியை முந்திவிடுகிறது. முதுமையில் மேடுகள் தாழ்கின்றன. கேப்சிடபின் என்னும் புற்றுநோய் மருந்தாலும் சிலருக்கு ரேகை மறைவதுண்டு. இத்தகையோரின் விரலைக் கருவி ஏற்க மறுத்தால், ரேகையை மட்டும் நம்பும் இடங்களில் அவர்கள் உரிய பொருளோ பணமோ பெறாமல் திரும்ப நேரிடும். ஆதார் பதிவில் பத்து விரல்களுடன் இரு கருவிழிகளும் முகப்படமும் பதிவு செய்யப்படுவதால், மாற்று வழியில் சரிபார்க்க இடமுண்டு.

குற்ற விசாரணையில் கிடைப்பவை பெரும்பாலும் சிதைந்த, முழுமையற்ற பதிவுகளே. 2004ஆம் ஆண்டு மத்ரித் ரயில் குண்டுவெடிப்பு விசாரணையில் கிடைத்த ஒரு பதிவை, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது எனத் தவறாக முடிவு செய்தது. இரு வாரக் காவலுக்குப் பின், அது வேறொருவருடையது என ஸ்பெயின் காவல்துறை கண்டறிந்ததால் அவர் விடுவிக்கப்பட்டார். இருவரின் மேடுகளும் ஒன்றாக இருக்கவில்லை. தெளிவற்ற பதிவை ஒப்பிட்டதிலேயே பிழை நேர்ந்தது.